ஹர்மன்பிரீத் சிங்கைத் தியான் சந்துக்கு மேலே வைக்கலாமா?

இந்திய ஹாக்கி வீரர்களின் வரிசையில் தியான் சந்துக்கும் மூத்த பல்பீர் சிங்குக்கும் மேலே ஹர்மன்பிரீத் சிங்கை வைக்க இயலாது. ஆனால் பெனால்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கோலருகே கிடைக்கும் தாக்குதல் வாய்ப்பில், இந்தியாவின் வல்லுநர்களில் அவருக்கே முதலிடம் தருவேன்.

மண்டபம் ஊரில் உங்கள் நண்பர்களோடு இந்த வாதம் முடிவின்றி இழுபடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மொத்த கோல் கணக்கை மட்டும் ஒப்பிடுவதே காரணமாக இருக்கக்கூடும். தியான் சந்த் புல்தரையில் ஆடிய முன்கள வீரர். ஹர்மன்பிரீத் செயற்கைத் தரையில் ஆடும் தற்காப்பு வீரர், அவருடைய கோல்களில் மிகப் பெரும்பாலானவை பெனால்டி கார்னரிலும், கோல்காப்பாளரை மட்டும் எதிர்த்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. விசைப்படகின் மீன்பாட்டையும் நாட்டுப்படகின் மீன்பாட்டையும் எடையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாம்பனில் யார் ஏற்பார்கள்?

எனவே ஒலிம்பிக்கை மட்டும் எடுத்து, ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1928 ஆம்ஸ்டர்டாமில் தியான் சந்த் 5 ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தார். 2024 பாரிஸில் ஹர்மன்பிரீத் 8 ஆட்டங்களில் 10 கோல்கள் அடித்து, அத்தொடரிலேயே முதலிடம் பெற்றார். தற்காப்பு வீரர் ஒருவர், அதுவும் அணித்தலைவர் பொறுப்போடு, இதைச் செய்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பல்பீர் சிங்கோ 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் மட்டும் 5 கோல்கள் அடித்தவர். அவ்விருவரிடமும் மும்மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் உள்ளன. ஹர்மன்பிரீத்திடம் இருப்பவை இரண்டு வெண்கலங்கள்.

அவரைப் பாகிஸ்தானின் சொஹைல் அப்பாசோடு ஒப்பிடுவதே நியாயம். இருவரும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக், அதாவது பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி கோலுக்குள் அனுப்பும் அடி, ஆடிய தற்காப்பு வீரர்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்: 1928இல் போட்டியிட்ட அணிகள் குறைவு, ஆகவே அந்தச் சராசரியை அப்படியே இன்றைக்குப் பொருத்தக் கூடாது.