கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டே அமெரிக்க அரச லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்லைனில் பாடம் எடுப்பது பிரயோசனமா?

கேள்வியைப் பார்த்ததும், உங்களுக்கு முப்பது வயது தாண்டியிருக்கும், பகலில் ஒபிஸ், உயர்தரத்தில், பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இசட் ஸ்கோர் காலை வாரிவிட்டிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தப்பென்றால் கோபிக்க வேண்டாம். என் கதை அதுதான்.

முதலில் அந்த 'அரச' என்ற சொல். 1945இலிருந்து இலவசக் கல்வியில் வளர்ந்த நமக்கு அரச பல்கலைக்கழகம் என்றால் காசில்லை. அங்கே அப்படியில்லை. லிபரல் ஆர்ட்ஸ் என்பது ஒரே தொழிலுக்கென்று இல்லாமல் வரலாறு, இலக்கியம், விஞ்ஞானம் என்று பரவலாகப் படிப்பது. அமெரிக்காவில் அது என்றாலே சின்னச் சின்னத் தனியார் கல்லூரிகள், கண்ணைக் கட்டும் கட்டணம். அதே மாதிரிப் படிப்பை மாநில அரசுகள் நடத்தும் கல்லூரிகளும் தருகின்றன. அவற்றுக்கென்று 1987இல் தொடங்கிய கூட்டமைப்பு கூட இருக்கிறது. ஆனால் சலுகைக் கட்டணம் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்து ஆட்களுக்கு. கொட்டாஞ்சேனைக்காரிக்கு இல்லை.

'ஆர்ட்ஸ்' என்றதும் அம்மா கேட்டது: "இந்த வயசுல படம் வரையப் போறியா?" புறக்கோட்டையில் நான் கணக்கு எழுதும் புடவைக் கடையில் கேட்டது: "எந்த நாட்டுக்கு?" நம்மவர்களுக்குப் படிப்பு என்றால் விசா.

2022 ஜனவரியில் ஒரேயொரு பாடம் எடுத்தேன், 3 கிரெடிட், பட்டத்துக்காக இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், பிறகு அவர்கள் விளம்பரத்துக்கு எழுதினேன் என்பீர்கள். தொழிலாளர் வரலாறு பற்றிய பாடம். வீடியோவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். வீடியோ கொஞ்சம், வாசிப்பு மலை. வியாழனுக்குள் நாம் ஒன்று எழுத வேண்டும், ஞாயிறுக்குள் வகுப்பில் இரண்டு பேருக்குப் பதில் எழுத வேண்டும்.

பெப்ரவரியில் ஒரு வேலை தந்தார்கள்: குடும்பத்தில் உழைத்த ஒருவரைப் பேசவைத்துப் பதிவு செய்து எழுதுங்கள். என் அம்மா மலையகத்தில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தவர் முன்னால் போனை வைத்தேன். பெரட்டு (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் இடம்), கங்காணி, அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் பூசுவது எல்லாம் சொன்னார். நடுவில், "கிலோ கொறைஞ்சா அரப்பேருதான்" என்றார்.

அதை ஆங்கிலத்தில் அரை நாள் சம்பளம் என்று எழுதிவிட்டு, அம்மாவின் சொல்லையும் பக்கத்தில் வைத்தேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன? பதிலுக்கு 'அரைப் பெயர்' என்று தட்டச்சு செய்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'. "இந்த மாசம் எத்தன பேரு?" என்று லயத்தில் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அது நம் பெயர்தான் என்று ஒரு நாளும் உறைத்ததில்லை. அம்மாவிடம் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "செக்ரோல்ல பேரு விழுந்தாத்தானே சம்பளம்?" என்றார், இது கூடத் தெரியாதா என்ற முகத்தோடு. செக்ரோல் என்றால் தோட்டத்து வரவுப் பதிவேடு.

அதைப் பற்றி இரண்டு பந்தி எழுதிப் போட்டேன். வகுப்பில் இரவு ஷிப்ட் பார்க்கும் தாதி ஒருவர் பதில் எழுதினார்: தன் வேலையிடத்தில் வரவைப் பதியும் அட்டையை உரசுவது எட்டு நிமிடம் பிந்தினால் கால் மணி நேரச் சம்பளம் போய்விடுமாம்.

'வெள்ளைக்காரன் கேட்டால்தான் உன் அம்மா பேசியது காதில் விழுமா' என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். எனக்கும் அந்த வெட்கம் இருக்கிறது. ஆனால் பதின்மூன்று வருடப் பள்ளிக்கூடத்திலும் அதற்கு மேல் டியூஷனிலும் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. குறிப்பைப் பாடமாக்கச் சொன்னார்கள், ஆக்கினேன்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் ஊர் எது என்று கேட்டவர்கள் வரைபடத்தில் தேடிப் பார்க்கக் கேட்டார்கள். அதே வருடம் வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார அம்மாவும் "சொந்த ஊர் எது பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். பின்னேரம் போன் வந்தது, வீடு ஏற்கெனவே போய்விட்டதாம். இரண்டு மாதம் கழித்தும் கேட்டில் 'டு லெட்' பலகை தொங்கியது. எல்லோரும் அப்படியில்லை என்பீர்கள். தெரியும். நாங்கள் இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறோம்.

காசு விஷயம்: கட்டணத்தில் பாதியை ஜனவரியில் கட்டும்போது டொலர் 200 ரூபா சொச்சம். மிச்சத்தை ஏப்ரலில் கட்டாரில் இருக்கும் தம்பி கட்டினான், நான் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தபோது டொலர் 300ஐத் தாண்டியிருந்தது. சீட்டுக் காசு முழுவதும் அதோடு போயிற்று. எனவே எதையும் தவணையாக விடாதீர்கள். பட்டத்துக்கே சேர்வதென்றால், அதை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று காசு கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊதிய உயர்வுக்கு ஒரு சான்றிதழ்தான் தேவை என்றால் நாவலத் திறந்த பல்கலைக்கழகமே போதும். 1980இலிருந்து வேலை செய்கிறவர்களுக்குப் படிப்பித்து வருகிறது, ரூபாவில் கட்டலாம்.

பிரயோசனமா என்றால், எனக்குச் சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. இன்னொரு பாடம் எடுக்கச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். அவர்களின் ஞாயிறு இரவு 11.59 கெடு, கிழக்குக் கரைப் பல்கலைக்கழகம் என்றால், நமக்குத் திங்கள் காலை 10.29. ஆனால் மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், கெடு 9.29 ஆகிவிடும். 2022 மார்ச் 14, கரண்ட் இல்லை, கடை மாடிப்படியில் உட்கார்ந்து போன் டேட்டாவில் 10.05க்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் திரையில் சிவப்பில் 'தாமதம்'. பத்து மார்க் போயிற்று. நவம்பரில் திரும்பவும் மாற்றுவார்கள், போனில் அந்த ஊர் நேரத்தையும் போட்டு வையுங்கள்.