நட்சத்திரங்களைத் திருத்தினார்கள், மர்டாக்கை விட்டுவிட்டார்கள்

"நிஜத் துயரச் சம்பவங்களை வைத்து எடுக்கும் படங்களில் வரலாறு எந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். செத்துப்போன இருவர் தனியறையில் என்ன பேசினார்கள் என்று யாருக்குத் தெரியும்? எழுதித்தான் ஆக வேண்டும். 'டைட்டானிக்' படத்தின் ஜாக், ரோஸ் இருவருமே கற்பனை. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. 1958இல் வந்த 'எ நைட் டு ரிமெம்பர்' படத்தில் அதே கப்பல் உடையாமல் முழுசாக மூழ்கும். 1912 பிரிட்டிஷ் விசாரணையின் முடிவும் அதுதான். 1985இல் கடலடியில் இரண்டு துண்டாகக் கண்டுபிடித்த பிறகுதான் தப்பு என்று தெரிந்தது. அதையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது வில்லியம் மர்டாக் விஷயம். 1997 படத்தில் ஒரு பணக்காரன் இந்தக் கப்பல் அதிகாரியின் கோட்டுப் பையில் பணக்கட்டைத் திணிப்பான். அப்புறம் இவர் கூட்டத்தில் இருவரைச் சுடுவார், ஒரு சல்யூட் அடித்துவிட்டுத் தன்னையே சுட்டுக்கொள்வார். மர்டாக் நிஜ மனிதர், அந்த இரவில் இறந்தவர். அதிகாரி ஒருவர் சுட்டுக்கொண்டதாகத் தப்பிவந்த சிலர் சொன்னது உண்மை. அது யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. லஞ்சத்துக்கோ எந்தச் சாட்சியும் கிடையாது. படகை இறக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருந்ததைத்தான் கடைசியாகப் பார்த்தேன் என்று சக அதிகாரி லைட்டாலர் மர்டாக்கின் மனைவிக்கு எழுதினார். படம் பார்த்த நானோ பல வருஷம் அவரை லஞ்சக்காரர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்காட்லாந்தில் அவருடைய ஊர் டால்பீட்டி. அங்கே எதிர்ப்பு கிளம்பியதும் 1998இல் ஸ்டுடியோவின் உயரதிகாரி ஒருவர் நேரில் போய் வருத்தம் தெரிவித்து, மர்டாக் பெயரில் பள்ளியில் தரும் பரிசுக்காக 5,000 பவுண்டு கொடுத்தார். இயக்குநர் கேமரூனும் பின்னாளில் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். சரி, படத்தில் என்ன மாறியது?

ரோஸ் மரப்பலகையில் மல்லாந்து பார்க்கும் வானம் மாறியது! அன்றைய நட்சத்திரங்கள் இப்படி இருக்காது, பாதி வானம் மறுபாதியின் கண்ணாடிப் பிம்பம் என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். 2012இல் முப்பரிமாணப் படமாக மறுபடி வெளியிட்டபோது கேமரூன் அதைத் திருத்தினார். மர்டாக் காட்சியில் கை வைக்கவில்லை. முதலிலேயே அந்த அதிகாரிக்கு ஒரு கற்பனைப் பெயர் வைத்திருந்தால் காட்சியின் விறுவிறுப்பில் என்ன குறைந்திருக்கும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.