அட்டைக்கடிக்கு ஓட்ஸ், சோகைக்குக் குரக்கன்: தானிய மருத்துவம் கேள்வி பதில்

கேள்வி (பொகவந்தலாவை): கொழுந்து மலையில் அட்டை கடித்த இடமெல்லாம் ராத்திரியில் அரிக்கிறது. ஓட்ஸ் பூசினால் அடங்குமா?

அடங்கும் அக்கா. ஓட்ஸுக்கே உரிய அவெனாந்த்ரமைடு என்ற பொருள் தோலின் அழற்சியையும் அரிப்பையும் தணிக்கிறது. மிக நுண்ணிதாக அரைத்த ஓட்ஸைத் தோலைக் காக்கும் மருந்தாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2003இல் ஏற்றுக்கொண்டது. அரைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உப்பு, மசாலா சேராத வெறும் ஓட்ஸைக் கிரைண்டரில் மாவாக அடியுங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவை ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி வெளுத்து நிற்க வேண்டும். அடியில் மணல்போல் படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

கடித்த இடத்தை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். அரை வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை மாவைக் கலந்து, கால்களை அதில் 10 முதல் 15 நிமிடம் வரை ஊறவிடுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், அரிப்பு கூடும். பிறகு தேய்க்காமல் ஒற்றித் துடைத்து வாஸ்லின் பூசுங்கள். மாத்தண்ணீர் சிந்தினால் சீமெந்துத் தரை வழுக்கும், கவனம். சீழ் வைத்த புண்ணுக்கு இது வேண்டாம், டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், இரத்தமும் குறைவு. குரக்கனை (கேழ்வரகை) முளைகட்டிக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா?

நல்ல கேள்வி தம்பி. குரக்கனில் அழற்சியை எதிர்க்கும் பொருள்கள் பெரும்பாலும் அந்தச் செம்பழுப்புத் தோலில்தான் இருக்கின்றன. மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டினால் அதையும் சேர்த்துக் கொட்டுகிறோம். ஆனால் அதே தோலிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. முளைகட்டினால் டானின் குறையும், இரும்பு கூடுதலாகச் சேரும். அழற்சிக்கு எதிரான சத்திலும் கொஞ்சம் போய்விடும். குரக்கன் முழங்கால் வீக்கத்தை ஆற்றும் என்பதற்கு உறுதியான மனித ஆய்வு இல்லை. சோகையோ கண்ணெதிரே இருக்கிறது. ஆகவே முளைகட்டியே கொடுங்கள்.

12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் தளர்வாகக் கட்டுங்கள். கீழ்நாட்டில் ஒரு நாளில் முளைப்பது உங்கள் குளிரில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். தினம் இருமுறை அலசுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். புளித்த வாடையோ வெள்ளை நூலோ தெரிந்தால் முழுவதையும் வீசுங்கள். கழுவினால் பூஞ்சண நஞ்சு போகாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரை பிளேன்டீ வேண்டாம், தேயிலையும் இரும்பைத் தடுக்கும். டாக்டர் தந்த இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (நுவரெலியா): பார்லித் தண்ணீர் நீர்க்கடுப்பைத் தீர்க்குமா? எவ்வளவு நேரம் வேகவைப்பது?

நீர்க்கடுப்பில் அது தரும் உதவி, தண்ணீர் நிறையக் குடிக்கவைப்பதுதான். கிருமித் தொற்றை அது கொல்லாது. காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீரில் இரத்தம் இருந்தாலோ கர்ப்பிணியாக இருந்தாலோ அன்றே கிளினிக் போங்கள்.

பார்லியின் உண்மையான பலம் பீட்டா குளுக்கன் என்ற வழவழப்பான நார். நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் கொலஸ்ட்ரோல் குறையும். தெளிந்த நீரை மட்டும் வடித்துக் குடித்தால் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும், தானியத்தையும் சாப்பிடுங்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த சட்டியில் நேரம் பிடிக்கும். ஊறவைத்துக் குக்கரில் வைப்பதே சுலபம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பார்லியும் ஆகாது.

கேள்வி (பதுளை): சோளக் கதிரின் நாரை அவித்துக் குடிக்கலாமா?

சிறுநீர் பிரிய நெடுங்காலமாகக் குடிக்கும் கஷாயம் அது. மருந்தடிக்காத கதிரின் நாராக இருக்கட்டும். பிரஷர் மாத்திரையோ நீர் போகும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி (ஹட்டன்): கோதுமைப் புல் சாறு பெருங்குடல் அழற்சிக்கு நல்லதென்கிறார்கள்?

இஸ்ரேலில் நடந்து 2002இல் வெளிவந்த ஆய்வொன்றில் 23 நோயாளிகள் பங்கெடுத்தார்கள். நாளுக்கு 100 மில்லிலீட்டர் சாற்றை ஒரு மாதம் குடித்தவர்களுக்கு இரத்தப்போக்கு குறைந்தது. 23 பேர் மிகக் குறைவு, மாத்திரையை நிறுத்த அது போதாது. வளர்ப்பதானால் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அடியில் பூஞ்சணம் கண்டால் மேல்புல் பச்சையாக இருந்தாலும் அந்தத் தட்டு முழுவதும் உரக்குழிக்கே போகட்டும்.