சிறிய நகரத்து பிஸ்ட்ரோவும் காத்திருப்பும்

கேள்வி: ஐயா, சிறிய நகரம் ஒன்றிலுள்ள உயர்தர பிஸ்ட்ரோவுக்கு (பிரெஞ்சு பாணிச் சிற்றுணவகம்) குடும்பத்துடன் சென்றிருந்தோம். மொத்தமே பன்னிரண்டு மேசைகள். மெனு அட்டை ஒரே பக்கம். ஒவ்வொரு சுற்று உணவுக்கும் இடையில் இருபது நிமிடம் காத்திருந்தோம். இது பெரிய நகரத்து உணவகங்களைப் பார்த்துச் செய்யும் பாவனையா?

பதில்: பாவனை செய்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் குறையாகச் சொல்லும் இரண்டையும் நான் நல்ல அடையாளமாகவே எடுத்துக்கொள்வேன். உணவு வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சூட்டோடு கொண்டுவரும் முறை மேற்கு ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. ரஷ்ய முறை என்பது அதன் பெயர். அதற்கு முன்பு பிரெஞ்சு விருந்துகளில் பல வகைகளை ஒரேயடியாக மேசையில் பரப்பிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைப்பதற்குள் பாதி ஆறிவிடும்.

பெரிய உணவகங்களில், பிரெஞ்சு சமையற்கலைஞர் எஸ்கோஃபியே வகுத்துத் தந்த வேலைப் பிரிவினைப்படி, சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று ஆட்கள் நிற்பார்கள். சிறிய பிஸ்ட்ரோவில் அத்தனை வேலையையும் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரே பார்க்கிறார்கள். உங்கள் மேசையில் மூவர் இறைச்சியும் ஒருவர் மீனும் கேட்டிருந்தால், நான்கு தட்டுகளும் ஒன்றாக வெளியே வர வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியவுடன் இறைச்சியை வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும் என்பதால் ஐந்து முதல் பத்து நிமிடம் அதைத் தொடாமல் வைத்திருப்பார்கள். மெல்லிய மீன் துண்டோ சில நிமிடங்களில் வெந்துவிடும் என்பதால், இறைச்சி ஆறும் அந்த இடைவெளியில்தான் அது வாணலிக்குப் போகும். உங்கள் இருபது நிமிடம் போன வழி இதுவாகத்தான் இருக்கும். அட்டை ஒரு பக்கத்தோடு நிற்பதற்கும் காரணம் இதே ஆள்பற்றாக்குறைதான்: இரண்டு பேர் சமைக்கும் இடத்தில் அறுபது வகை எழுதியிருந்தால், அவற்றில் பெரும்பகுதி உறைபெட்டியிலிருந்து வருகிறது என்றே நான் சந்தேகப்படுவேன்.

காத்திருந்தும் தட்டு வெதுவெதுப்பாகவே வந்து, சாஸின் மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தால் மட்டும் அது வேறு கதை. உணவு எப்போதோ தயாராகி, எடுத்துவர ஆளில்லாமல் சூட்டு விளக்கின் கீழ் கிடந்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: பிஸ்ட்ரோ என்றாலே எளிய உணவுக்கடை என்கிறார்கள். உயர்தர பிஸ்ட்ரோ என்பது முரண் இல்லையா?

பதில்: தொடக்கத்தில் அது பாரிஸின் மலிவான சிற்றுணவகத்தைக் குறித்த பெயர்தான். 1814இல் பாரிஸுக்குள் வந்த ரஷ்யப் படைவீரர்கள் ‘சீக்கிரம்’ என்று தங்கள் மொழியில் அதட்டியதிலிருந்து இச்சொல் பிறந்தது என்றொரு கதை உண்டு. (முதல் கேள்வியை அனுப்பியவர் சிரிக்கலாம்.) ஆனால் பிரெஞ்சு எழுத்தில் இச்சொல் 1880களில்தான் தென்படுகிறது என்பதால் மொழியியலாளர் பலர் அதை ஏற்பதில்லை. 1992இல் ஈவ் காம்ட்போர்ட் என்ற சமையற்கலைஞர் பெரிய விடுதியின் சமையலறையை விட்டு வந்து, பாரிஸின் ஓரத்தில் சிறிய பிஸ்ட்ரோ ஒன்றை எடுத்து நடத்தினார். அவரைப் போன்றவர்களால், உயர்ந்த சமையலும் ஆடம்பரமில்லாத மேசையும் ஓரிடத்தில் சேர்ந்தன. ஆகவே முரண் ஏதுமில்லை.

கேள்வி: உணவில் உப்பு தூக்கலாக இருந்தது. சங்கடப்பட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு வந்தேன். சொல்லியிருக்கலாமா?

பதில்: இரண்டாவது வாயிலேயே சொல்லியிருக்க வேண்டும். முதல் வாயில் நாக்கு ஏமாறலாம். பரிமாறுபவரை அழைத்து, குரலை உயர்த்தாமல், ‘இது எனக்கு உப்பாக இருக்கிறது, சமையலறையில் ஒருமுறை சுவைத்துப் பார்க்கச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டால் போதும். அந்தச் சாஸ் இன்னும் நான்கு மேசைகளுக்குப் போகவிருக்கிறது என்பதால், நல்ல சமையற்காரர் உங்களுக்கு நன்றிதான் சொல்வார். அதுவரை கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் இணையாகச் சேர்த்து வைத்துவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததற்கு அதுவே அடையாளம் என்பதால், நீங்கள் வாய் திறப்பதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.