ஸ்பானிஷ் மரபுத்தொடர்களைப் புரிந்துகொள்ள, அவற்றுக்கு இணையான ஆங்கிலத் தொடர்களை மனப்பாடம் செய்தால் போதுமா?

சில தொடர்களுக்குப் போதும். 'தோமார் எல் பெலோ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ்காரர்கள் முடியை எடுப்பார்கள், ஆங்கிலேயர்கள் காலை இழுப்பார்கள், நாம் கலாய்ப்போம். மூன்றும் ஒன்றுதான். 'பான் கொமீதோ', அதாவது தின்று முடித்த ரொட்டி, ஆங்கிலத்தில் 'பீஸ் ஆஃப் கேக்'. நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

ஆனால் ஸ்பெயினின் காளைச் சண்டைக் களத்திலிருந்து வந்த தொடர்களில் இந்த வழி காலை வாரிவிடும். 'பெர் லோஸ் தோரோஸ் தெஸ்தே லா பர்ரேரா' என்றால் தடுப்புக்கு அப்பால் இருந்து காளைகளைப் பார்ப்பது. களத்தைச் சுற்றியிருக்கும் மரத்தடுப்புதான் பர்ரேரா. வேலி வருகிறதே என்று இதை 'சிட்டிங் ஆன் த ஃபென்ஸ்' உடன் சேர்த்துவிடாதீர்கள். அது மதில்மேல் பூனை, எந்தப் பக்கம் குதிப்பது என்று முடிவு செய்யாத ஆள். தடுப்புக்குப் பின்னால் நிற்பவருக்கு அந்தக் குழப்பமே கிடையாது. கொம்பு தன்மேல் படாத இடத்தில் நின்று, அடுத்தவர் மல்லுக்கட்டுவதை வேடிக்கை பார்க்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 'எச்சார் உன் கபோதே'. கபோதே என்பது காளைக்கு முன்னால் வீசும் பெரிய துணி. களத்தில் ஒருவர் காளையிடம் மாட்டிக்கொண்டால், கூட்டாளி ஓடிவந்து கபோதேயை வீசி அதைத் தன் பக்கம் திருப்புவார். 'உதவி செய்வது' என்று மட்டும் எழுதிவைத்தால் இந்த அவசரம் காணாமல் போய்விடும். மேசையைத் தூக்க ஒரு கை பிடிப்பதற்கு 'எச்சார் உனா மானோ' இருக்கிறது. மேலாளர் கேட்ட கேள்விக்கு நீங்கள் திணறும்போது பக்கத்தில் இருப்பவர் இடையில் புகுந்து காப்பாற்றினாரே, அதுதான் கபோதே.

அப்புறம் 'எஸ்தார் பாரா எல் அர்ராஸ்த்ரே'. செத்த காளையைக் கோவேறு கழுதைகள் களத்திலிருந்து இழுத்துப்போவதுதான் அர்ராஸ்த்ரே. நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்தவர் இதைச் சொன்னால், அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்று அர்த்தம்.

வரலாறு தெரியாவிட்டால் பிடிபடாதவையும் உண்டு. எல்லாம் முடிந்தபிறகு வந்து நிற்பவரிடம் 'ஆ புவேனாஸ் ஓராஸ், மங்காஸ் பெர்தேஸ்' என்பார்கள். 'நல்ல நேரத்துக்கு வந்தீர்கள், பச்சைச் சட்டைக்கைகளே!' 1476-இல் ஸ்பெயினில் சாந்தா எர்மாந்தாத் என்ற காவல் படையை நிறுவினார்கள். அதன் வீரர்களின் சீருடையில் சட்டைக்கை பச்சை. கொள்ளையர் தப்பிய பிறகே வந்து சேருவார்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேராகத் தமிழோடு பொருத்தலாமே என்று தோன்றும். அதிலும் கவனம் வேண்டும். 'நோ தெனேர் பெலோஸ் என் லா லெங்குவா', நாக்கில் முடி இல்லாதவர். நம் காதுக்கு உடனே 'நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது' நினைவுக்கு வரும். நமக்கு அது வசவு. அவர்களுக்கோ மனதில் பட்டதை மறைக்காமல் பேசுகிறவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். யாராவது உங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்; பெரும்பாலும் பாராட்டாகத்தான் இருக்கும்.