கூட்டம் பிரிவதும் குடி ஓடுவதும்: அடுக்குத் தேனீ வளர்ப்போருக்குப் பதில்கள்

குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே 20 ஆண்டுகளாக அடுக்குத் தேனீ (அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும், பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ) வளர்க்கிறேன். மழை ஓய்ந்து கூட்டம் பிரியும் காலம் நெருங்குவதால் பெரும்பாலான கேள்விகள் அதைப் பற்றியே வந்திருக்கின்றன.

பெட்டி பிரியப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது, ஐயா? (குலசேகரம்)

ஆண் தேனீ அறைகளைப் பாருங்கள். அவற்றின் மூடி குவிந்து, உச்சியில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். அவை பெருகிய பிறகு, அடையின் அடி விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தலைகீழாகத் தொங்கத் தொடங்கும். ராணி அறை மூடப்பட்டதும் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். முட்டையிட்டதிலிருந்து அறையை மூட ஏறக்குறைய எட்டு நாட்கள்தான். ஆகவே இந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

அந்த ராணி அறைகளைக் கிள்ளி எறிந்தால் போதாதா? (அதே நண்பர்)

போதாது. ஒன்று கண்ணில் படாமல் தப்பினாலும் கூட்டம் போய்விடும். பழைய ராணி முன்பே போயிருக்க, நீங்கள் எல்லாவற்றையும் கிள்ளினால் பெட்டி ராணியில்லாமல் அழியும். பிரிய நினைக்கும் கூட்டத்தை நாமே பிரித்துவிடுவதுதான் நல்லது. பழைய ராணியைப் பாதிப் புழு அடைகளோடும் தேனீக்களோடும் புதுப்பெட்டிக்கு மாற்றுங்கள். பழைய பெட்டியில் நன்றாக வளர்ந்த ஒரு ராணி அறையை மட்டும் விடுங்கள். பழைய பெட்டி இருந்த இடத்தை நடுவாக வைத்து, இரண்டையும் இருபுறமும் ஓரடி தள்ளி வையுங்கள். வயலுக்குப் போன தேனீக்கள் திரும்பி வந்து இரண்டிலும் பங்கிட்டு ஏறும்.

மாமரக் கிளையில் தொங்கிய கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் விட்டேன். மறுநாள் நண்பகலில் பறந்துவிட்டது. என்ன தவறு செய்தேன், அண்ணா? (திண்டுக்கல்)

இப்படி மொத்தக் கூட்டமும் பெட்டியை விட்டுப் போவதைத்தான் குடி ஓடுவது என்கிறோம். காலிப் பெட்டியில் அவற்றைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. இன்னொரு பெட்டியிலிருந்து மூடாத புழுக்கள் உள்ள ஓர் அடையைக் கொடுத்துப் பாருங்கள். புழுவை விட்டுவிட்டுத் தேனீக்கள் எளிதில் போவதில்லை. மாலையில் விடுங்கள், பெட்டியை நிழலில் வையுங்கள், அன்றிரவே சர்க்கரைப் பாகு கொடுங்கள். ராணி வெளியேற முடியாதபடி வாயிலில் ராணித் தடுப்பு வைக்கலாம்தான். ஆனால் பிடித்தது இரண்டாவதாகப் பிரிந்த கூட்டமாக இருந்தால் அதில் இருப்பது கன்னி ராணி. அவள் பறந்து இணை சேர வேண்டியவள். தடுப்பு போட்டால் அந்தக் கூட்டத்தையே கெடுத்துவிடுவீர்கள். முட்டை தென்படாமல் போய் ஒரு கூட்டத்தை இப்படி இழந்திருக்கிறேன். இன்றும் அது எனக்கு வருத்தமே.

புழுக்கள் அறைக்குள் நிமிர்ந்து கிடந்து சாகின்றன. என்ன மருந்து போடலாம்? (பேச்சிப்பாறை)

தலை கூம்பி, தோல் பை போல நீர் கோத்திருந்தால் அது தாய்லாந்து பைப்புழு நோய். 1991-92இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போனது இதுதான். வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாட்டிக் பயன் தராது. நோயுள்ள பெட்டியின் சட்டத்தை மற்றொன்றுக்கு மாற்றாதீர்கள், கைகளைக் கழுவிவிட்டு அடுத்த பெட்டியைத் திறவுங்கள். ராணியைச் சில நாட்கள் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் வைத்தால், புழு இல்லாத அந்த இடைவெளியில் கூட்டம் அறைகளைச் சுத்தம் செய்து தேறலாம். தேறிய கூட்டத்திலிருந்தே அடுத்த ராணிகளை வளர்த்தெடுங்கள்.

பக்கத்து வீட்டார் கூட்டத்தைக் கொளுத்தச் சொல்கிறார்கள். (மதுரை)

வேண்டாம். பிரிந்து தொங்கும் அடுக்குத் தேனீ வயிறு நிறையத் தேனோடு வந்திருக்கும். சீண்டாவிட்டால் கொட்டுவது அரிது. இடம் கிடைத்ததும் போய்விடும். பெரிய ஒற்றை அடை கட்டியிருந்தால் அது மலைத்தேனீ. அதன் அருகில் நீங்களும் போகாதீர்கள்.

மழைக்காலத்தில் பாகு எப்படிக் கொடுப்பது? தேன் எப்போது எடுப்பது, ஐயா? (அருமனை)

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. வெல்லம் வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும். சிரட்டையில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி இரண்டு குச்சிகள் போட்டு, மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே ஒரு துளி சிந்தினாலும் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வந்துவிடும். நம் பகுதியில் ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, புது இலைக்காம்பில் ஊறும் தேனே பெரிய வரத்து. பெட்டியின் மேலறை அடையில் முக்கால் பங்குக்கு மேல் தேனீக்கள் மெழுகால் மூடிய பிறகே தேன் எடுங்கள். மூடாத தேன் நீர்த்துப் புளித்துவிடும். கீழறையில் இருப்பது அவற்றின் மழைக்காலச் சோறு, அதில் கை வைக்காதீர்கள்.