ரிஸ்பெரிடோன் அளவைக் கூட்டியபின் வந்த நிலைகொள்ளாமை குறித்து

வணக்கம். மனநோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் மாத்திரையின் அளவு கூட்டப்பட்டதிலிருந்து உங்கள் தம்பி இரவெல்லாம் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறார், நோய் முற்றிவிட்டதா, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் விவரிப்பது நோயைவிட மருந்தின் பக்கவிளைவையே அதிகம் ஒத்திருக்கிறது. அகதீசியா எனப்படும் இந்த நிலைகொள்ளாமை, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பிகளை மருந்து தடுப்பதோடு தொடர்புடையது. மருந்தைத் தொடங்கும்போதோ அளவைக் கூட்டும்போதோதான் பெரும்பாலும் தலைகாட்டும்.

நோயால் காதில் கேட்கும் குரல்கள் விரட்டுகின்றனவா, கால்கள் சும்மா இருக்கவிடவில்லையா என்று அவரிடமே கேளுங்கள் (நோயாளியிடம் கேட்க நாம் ஏனோ மறந்துவிடுகிறோம்). நிற்கும்போது ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடலைச் சாய்ப்பதும், உட்கார்ந்த ஓரிரு நிமிடங்களில் எழுந்துவிடுவதும் இதன் அடையாளங்கள். இதை நோயின் பதற்றம் என்று எண்ணி அளவை மேலும் கூட்டினால் அவதிதான் பெருகும்.

மருத்துவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், அல்லது நிலைகொள்ளாமையைத் தணிக்கப் புரோப்ரனலால் என்ற மருந்தைச் சேர்க்கலாம். புரோப்ரனலால் ஆஸ்துமாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், தம்பிக்கு ஆஸ்துமா இருந்தால் அதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோனை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தியபின் நோய் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்தே திரும்பக்கூடும் என்பதால், முதல் சில நாள்களின் நிம்மதி ஏமாற்றிவிடும்.

மாத்திரை கொடுத்த நேரத்தையும் நடை தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் நாளையே மருத்துவரை அழையுங்கள். காய்ச்சலோடு உடல் விறைப்போ குழப்பமோ வந்தாலும், சாக வேண்டும் என்று அவர் சொன்னாலும், உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.